ஒரே டெஸ்ட்பெஞ்ச், ஆறு அளவீடு: ஆப்-ஆம்ப் சிமுலேஷனில் சுவிட்ச் பொருத்திய அனுபவம்

ஸ்கைவாட்டர் 130 நானோமீட்டர் திறந்த பிடிகே-யில் (சிப் வரையத் தேவையான டிரான்சிஸ்டர் மாடல்களும் விதிகளும் அடங்கிய தொகுப்பு) இரண்டு நிலை மில்லர் ஆப்-ஆம்ப் (இரண்டு இன்புட்டுக்கு நடுவிலுள்ள வித்தியாசத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) ஒன்றை வரைந்து வைத்திருக்கிறேன். சப்ளை 1.8 வோல்ட், காமன் மோடு 0.9 வோல்ட், லோடு 5 பிகோஃபாரட். ஸ்கீமாட்டிக் எக்ஸ்ஸ்கெமில், சிமுலேஷன் என்ஜிஸ்பைஸில். இதை முழுதாக அளக்க ஆறு விஷயங்கள் தேவை: திறந்த லூப் (ஃபீட்பேக் இல்லாத) கெயினும் ஃபேஸும், பிஎஸ்ஆர்ஆர் (சப்ளையின் ஆட்டத்தைத் தள்ளும் திறன்), சிஎம்ஆர்ஆர் (இரண்டு இன்புட்டும் சேர்ந்து ஆடுவதைத் தள்ளும் திறன்), நாய்ஸ், இன்புட்டில் ஸ்டெப், லோடில் ஸ்டெப். ஆஃப்செட் இவற்றில் எதை ஓட்டினாலும் டிசி-யிலேயே கிடைத்துவிடும்.

பொதுவாகச் செய்வது ஆறு டெஸ்ட்பெஞ்ச், அதாவது ஆப்-ஆம்ப்பைச் சுற்றிச் சோர்ஸும் லோடும் கட்டிய அளவீட்டு ஸ்கீமாட்டிக், வரைவதுதான். முதலாவதை நகலெடுத்து, ஒயரை மாற்றி, வேறு பெயரில் சேமிப்பது. அதன் சிக்கல் பிறகுதான் தெரியும். நடுவில் பயாஸ் கரண்ட்டை மாற்றுவோம். நான்கு ஃபைலில் மாறும், இரண்டில் மாறாது. ஒன்றில் லோடு 5 பிகோஃபாரட், இன்னொன்றில் பழைய 2 பிகோஃபாரட் அப்படியே கிடக்கும். கடைசியில் கையில் இருக்கும் அட்டவணை ஒரு ஆப்-ஆம்ப்பின் அட்டவணை அல்ல. ஒன்றையொன்று பார்த்திராத இரண்டு மூன்று சர்க்யூட்டுகளின் கலவை. அதனால் எல்லாவற்றையும் ஒரே ஸ்கீமாட்டிக்கில் வைத்து, உள்ளே சுவிட்ச் போட்டு, ஒரு எண்ணை மாற்றினால் அளவீடு மாற வேண்டும் என்று உட்கார்ந்தேன். அந்த வேலையின் பதிவு இது.

முதலில், சுவிட்ச் என்றால் சிமுலேஷனில் இரண்டு வேறு சாமான்கள். ஒன்று, ஓட்டத்தின் நடுவே நேரத்தோடு திறந்து மூடுவது. கன்ட்ரோல் வோல்டேஜ் ஏறினால் மூடும், இறங்கினால் திறக்கும். மற்றது, ஒரு அனாலிசிஸுக்கும் அடுத்த அனாலிசிஸுக்கும் நடுவில் மட்டும் இடம் மாறுவது. ஓடும்போது அசையவே அசையாது. கேடன்ஸ் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்த இரண்டாவது வகை பழக்கமானது. அதன் சிமுலேட்டரான ஸ்பெக்டரில் இருக்கும் சுவிட்ச் எலிமென்ட் அதுதான். ஒரு பொதுக் கால், பல நிலைகள், மூடினால் ரெசிஸ்டன்ஸ் பூஜ்யம், திறந்தால் முடிவிலி. டிசி-க்கு (அசையாத வோல்டேஜ்கள்) ஒரு நிலை, ஏசி-க்கு (அலைவரிசை வாரியாகச் சிறு சிக்னல்) ஒரு நிலை, டிரான்சியண்ட்டுக்கு (நேரத்தோடு மாறுவது) ஒரு நிலை என்று தனித்தனியாகவும் சொல்லலாம். டிசி-யில் லூப் மூடி பயாஸ் பாயிண்ட் சரியாக உட்காரும். அதே ஓட்டத்தில் ஏசி-க்கு லூப் திறந்துவிடும். ஆப்-ஆம்ப்பின் திறந்த லூப் கெயினை அளக்க இதைவிட வசதி கிடையாது.

என்ஜிஸ்பைஸில் அப்படி ஒரு எலிமென்ட் நேரடியாக இல்லை. ஆனால் அதற்கான உதிரி பாகங்கள் எல்லாமே இருக்கின்றன. ரெசிஸ்டரின் மதிப்பை ஒரு கணக்காக எழுதலாம்: தேர்வு எண் 1 என்றால் இது, இல்லையென்றால் அது, கேள்விக்குறியும் முக்காற்புள்ளியும் போட்டு. அதைவிட முக்கியமானது, ரெசிஸ்டர் வரியிலேயே ‘ஏசி’ என்று ஒரு பாராமீட்டர் கொடுக்க முடியும். டிசி-யிலும் டிரான்சியண்ட்டிலும் ஒரு மதிப்பு, ஏசி-யில் வேறு மதிப்பு. இந்த இரண்டையும் சேர்த்தால் ஸ்பெக்டர் சுவிட்ச் செய்யும் வேலையில் பெரும்பகுதியை நாமே கட்டிக்கொள்ளலாம்.

கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி: உண்மையில் எத்தனை இடத்தில் சுவிட்ச் வேண்டும்? காகிதத்தில் குறித்தபோது ஏழெட்டு இடம் வந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்தால் பெரும்பாலானவற்றுக்குச் சுவிட்சே தேவையில்லை. பூஜ்ய வோல்ட்டில் நிற்கும் வோல்டேஜ் சோர்ஸ்தான் சிமுலேட்டரில் கிடைக்கும் மிகச் சுத்தமான மூடிய சுவிட்ச். அதற்கு ரெசிஸ்டன்ஸ் இல்லை, நாய்ஸ் இல்லை, கன்வர்ஜென்ஸ் தொல்லை (கணக்கு விடைக்கு வந்து சேராமல் நிற்பது) இல்லை. பூஜ்ய ஆம்பியரில் நிற்கும் கரண்ட் சோர்ஸ் அதேபோல் சுத்தமான திறந்த சுவிட்ச். இவற்றை இடத்திலேயே விட்டுவிட்டு மதிப்பை மட்டும் மாற்றினால் போதும்.

பிஎஸ்ஆர்ஆர் எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்-ஆம்ப்பை பஃபராக, அதாவது அவுட்புட்டை நெகட்டிவ் இன்புட்டோடு இணைத்துக் கட்டி, சப்ளை சோர்ஸுக்கு ஏசி 1 வோல்ட் கொடுத்தால், கெயின் நிறைய இருக்கும் அலைவரிசை வரைக்கும் அவுட்புட்டில் வருவது பிஎஸ்ஆர்ஆரின் தலைகீழ். மற்ற அளவீடுகளில் அந்த ஏசி மதிப்பு பூஜ்யம். சுவிட்ச் எதுவும் இல்லை. சிஎம்ஆர்ஆருக்கு அதே பஃபர்தான். பாசிட்டிவ் இன்புட்டில் ஏசி 1, அவுட்புட்டிலிருந்து நெகட்டிவ் இன்புட்டுக்குப் போகும் பாதையில் தொடராக இன்னொரு சோர்ஸ், அதிலும் ஏசி 1. இரண்டு இன்புட்டும் சேர்ந்தே ஆடும், அவுட்புட்டில் சிஎம்ஆர்ஆரின் தலைகீழ் வரும். மற்ற நேரத்தில் அந்தத் தொடர் சோர்ஸ் பூஜ்யத்தில் நிற்கிறது, அதாவது வெறும் ஒயர். இன்புட் ஸ்டெப்புக்குப் பல்ஸின் உயரம் ஒரு பாராமீட்டர். தேவையில்லாதபோது உயரம் பூஜ்யம். இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவது இரண்டே இடம்: ஏசி-யில் ஃபீட்பேக்கைத் திறக்கும் சுவிட்ச், ஓட்டத்தின் நடுவே லோடு ரெசிஸ்டரைச் சேர்க்கும் சுவிட்ச். முதலாவது அசையாத வகை, இரண்டாவது நேரத்தோடு மாறும் வகை. இந்தக் கழித்தல்தான் மொத்த வேலையிலும் எனக்கு மிகப் பிடித்த பகுதி. சிக்னல் பாதையில் நாம் சேர்க்கும் ஒவ்வொரு சுவிட்சும் அளக்கப்படும் பொருளோடு ஒட்டிக்கொள்கிறது. சேர்க்காத சுவிட்ச் எதையும் கெடுப்பதில்லை.

ஃபீட்பேக் சுவிட்ச்

நெகட்டிவ் இன்புட்டுக்கு இரண்டு ரெசிஸ்டர் வருகின்றன. ஒன்று அவுட்புட்டிலிருந்து, இன்னொன்று 0.9 வோல்ட் காமன் மோடு சோர்ஸிலிருந்து. டிசி-யில் முதலாவது மூடியிருக்கும், இரண்டாவது திறந்திருக்கும். திறந்த லூப் அளவீட்டில், ஏசி-க்கு மட்டும் இது தலைகீழாகும்: அவுட்புட் பக்கம் திறந்து, காமன் மோடு பக்கம் மூடும். மற்ற ஐந்து அளவீட்டிலும் ஏசி மதிப்பு டிசி மதிப்பேதான். இந்த இரண்டு ரெசிஸ்டரையும் ஒரு சப்சர்க்யூட்டில் போட்டு, எக்ஸ்ஸ்கெமில் மூன்று காலுள்ள ஒரு சிம்பல் வரைந்து, டிசி நிலை, ஏசி நிலை என்று இரண்டு பாராமீட்டரை வெளியே தெரியவிட்டேன். ஸ்கீமாட்டிக்கில் பார்த்தாலே எந்த நிலையில் நிற்கிறது என்று புரிய வேண்டும். அடுத்து இதைத் திறந்து பார்க்கப்போகிறவருக்கு அது பெரிய உதவி.

சரி, மூடிய ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு, திறந்த ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு? ஐடியல் சுவிட்ச்தானே என்று 1 மைக்ரோஓம், 1 பீட்டாஓம் என்று போடுகிறவர்கள் உண்டு. வேண்டாம். சிமுலேட்டர் கணக்குப் போடும் இரட்டைத் துல்லிய எண்ணில் தசமத்தில் 15, 16 இலக்கம்தான் இருக்கிறது. ஒரே நோடில் (ஒயர்கள் சேரும் புள்ளியில்) 1 மில்லிஓமும் 1 டெராஓமும் சேர்ந்தால் விகிதம் 10-இன் 15-ஆம் அடுக்கு. அந்த நோடின் கண்டக்டன்ஸைக் கூட்டும்போது சிறியது ஏறக்குறைய காணாமலே போகும்.

எவ்வளவு வேண்டும் என்பதைச் சர்க்யூட்டே சொல்லும். திறந்த லூப் நிலையில் அவுட்புட்டிலிருந்து நெகட்டிவ் இன்புட்டுக்குக் கசிவது, திறந்த ரெசிஸ்டருக்கும் மூடிய ரெசிஸ்டருக்கும் உள்ள விகிதம். 1 கிகாஓம், 1 ஓம் என்று வைத்தால் நூறு கோடியில் ஒரு பங்கு. ஆப்-ஆம்ப்பின் கெயின் 80 டெசிபெல், அதாவது 10,000 என்றே வைத்துக்கொண்டாலும், கசிவால் வரும் லூப் கெயின் ஒரு லட்சத்தில் ஒன்று. கெயின் அளவீட்டில் அது எங்கேயும் தெரியாது. ஆக இந்த இடத்துக்கு 1 கிகாஓமே போதும். ஆனால் அதே 1 கிகாஓமை ஒரு சாம்பிள்-ஹோல்டின் (வோல்டேஜைப் பிடித்துச் சிறிது நேரம் வைத்திருக்கும் சர்க்யூட்) 1 பிகோஃபாரட் கெபாசிட்டர் பக்கத்தில் போட்டால் டைம் கான்ஸ்டன்ட் 1 மில்லிசெகண்ட். சில மைக்ரோசெகண்ட் ஹோல்டு செய்தாலே ஆயிரத்தில் சில பங்கு வடிந்துவிடும். அங்கே 1 டெராஓம் வேண்டும். திறந்த ரெசிஸ்டன்ஸுக்கு எல்லாச் சர்க்யூட்டுக்கும் பொதுவான ஒரு நல்ல எண் கிடையாது; பக்கத்து நோடைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நான் 1 ஓம், 100 கிகாஓம் என்று நிறுத்திக்கொண்டேன்.

மூடிய பக்கம் இன்னும் கவனம் வேண்டும். ஆப்-ஆம்ப்பின் இரண்டாம் நிலையின் ஜிஎம் (இன்புட் வோல்டேஜ் ஒரு வோல்ட் மாறினால் அவுட்புட் கரண்ட் எவ்வளவு மாறும் என்பது) 1 மில்லிசீமென்ஸ், லோடு 5 பிகோஃபாரட் என்றால் இரண்டாவது ‘போல்’ (கெயின் கூடுதலாகச் சரியத் தொடங்கும் அலைவரிசை) சுமார் 31.8 மெகாஹெர்ட்ஸில். 10 மெகாஹெர்ட்ஸில் அது தின்னும் ஃபேஸ் 17.4 டிகிரி. இப்போது லோடுக்கு முன்னால் 1 கிலோஓம் சுவிட்ச் ஒன்று இருந்து, ஃபீட்பேக்கும் லோடு பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டால், போல் 15.9 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கும், ஃபேஸ் இழப்பு 32.1 டிகிரி ஆகும். 15 டிகிரி ஃபேஸ் மார்ஜின் (ஃபீட்பேக்கில் ஊசலாடாமல் இருக்கக் கையில் இருக்கும் இடைவெளி) போய்விட்டது, ஆப்-ஆம்ப்பில் ஒரு டிரான்சிஸ்டரைக்கூடத் தொடாமல். 1 ஓமில் இந்த மாற்றம் கண்ணுக்கே தெரியாது.

ஸ்பைஸின் எழுத்துகளும் இந்த இடத்தில்தான் ஆளைக் கவிழ்க்கும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் ஸ்பைஸில் இல்லை. எண்ணுக்குப் பின் ‘எம்’ போட்டால் மில்லி. மெகா வேண்டுமென்றால் ‘மெக்’ என்று மூன்றெழுத்தும் போட வேண்டும். திறந்த சுவிட்சுக்கு 1 மெகாஓம் என்று நினைத்து ஒற்றை ‘எம்’ எழுதினால் அது 1 மில்லிஓம், அதாவது மூடிய சுவிட்ச். கெபாசிட்டரிலும் இதே கதை: 1 ஃபாரட் என்று நினைத்து ‘எஃப்’ சேர்த்தால் அது 1 ஃபெம்டோஃபாரட். சிமுலேட்டர் எந்த எச்சரிக்கையும் தராது, ஓட்டம் அழகாக முடியும், கிராஃப் கூட வரும். அதனால் சுவிட்ச் மதிப்புகளில் எழுத்தே வேண்டாம் என்று எல்லாவற்றையும் பத்தின் அடுக்காகவே எழுதுகிறேன்.

நாய்ஸ் பற்றி ஒரு வரி. இந்த இரண்டு ரெசிஸ்டருக்கும் ‘நாய்சி’ பாராமீட்டரைப் பூஜ்யமாக்கி வைத்திருக்கிறேன். 1 ஓமின் நாய்ஸ் ரூட் ஹெர்ட்ஸுக்கு 0.13 நானோவோல்ட்தான், சிமாஸ் ஆப்-ஆம்ப்பின் நாய்ஸுக்கு முன் ஒன்றுமில்லை. ஆனால் திறந்த ரெசிஸ்டர் ஒரு கெபாசிட்டர் நோடோடு தனியாக நின்றால் கதை மாறும். 1 பிகோஃபாரட்டில் மொத்த நாய்ஸ் அறை வெப்பநிலையில் 64 மைக்ரோவோல்ட், ரெசிஸ்டன்ஸ் எவ்வளவாக இருந்தாலும் அதே தொகை. ரெசிஸ்டன்ஸைக் கூட்டினால் நாய்ஸ் தாழ்ந்த அலைவரிசைக்கு நகருமே தவிர, குறையாது. நம் சர்க்யூட்டில் இல்லாத ஒரு பொருளின் நாய்ஸ் கணக்கில் வர விடுவதில் அர்த்தமில்லை.

லோடு சுவிட்ச்

10 கிலோஓம் லோடு, டிரான்சியண்ட்டின் நடுவே வந்து சேர வேண்டும். இதற்கு என்ஜிஸ்பைஸின் வோல்டேஜ் கன்ட்ரோல் சுவிட்ச். மாடலில் நான்கு மதிப்பு: திரெஷோல்டு, ஹிஸ்டெரிசிஸ், மூடிய ரெசிஸ்டன்ஸ், திறந்த ரெசிஸ்டன்ஸ். கன்ட்ரோல் வோல்டேஜ் திரெஷோல்டோடு ஹிஸ்டெரிசிஸைக் கூட்டியதற்கு மேல் போனால் மூடும். கழித்ததற்குக் கீழ் வந்தால் திறக்கும். தொடக்கத்தில் கன்ட்ரோல் வோல்டேஜ் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றால் எந்த நிலை என்று சொல்ல, வரியின் கடைசியில் ஆன் அல்லது ஆஃப் என்று குறிப்பிடலாம்.

இந்தச் சுவிட்ச் ஒரே கணத்தில் தாவும். ரெசிஸ்டன்ஸ் ஒரு டைம் ஸ்டெப்பில் 1 டெராஓம், அடுத்ததில் 1 ஓம். சிமுலேட்டர் ஸ்டெப்பைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்து, கடைசியில் டைம் ஸ்டெப் மிகச் சிறியதாகிவிட்டது என்று நின்றுவிடும் வாய்ப்பு இங்கேதான் அதிகம். என்ஜிஸ்பைஸ் கையேடே இதற்கு நேரான யோசனை சொல்கிறது: சுவிட்சின் ரெசிஸ்டன்ஸ், சுற்றியிருக்கும் மற்ற எலிமென்ட்டுகளுக்கு முன் பொருட்படுத்தாத அளவுக்கு இருந்தால் போதும், அதற்கு மேல் ஐடியலாக்க வேண்டாம். விகிதம் 10-இன் 12-ஆம் அடுக்கைத் தாண்டியே ஆக வேண்டுமென்றால் டிரான்சியண்ட் கணக்கில் பிழையை எவ்வளவு பொறுக்கலாம் என்று சொல்லும் டிஆர்டால் ஆப்ஷனை 1-க்கும், கெபாசிட்டர் பக்கத்தில் சுவிட்ச் இருந்தால் சார்ஜ் டாலரன்ஸை 10-இன் மைனஸ் 16-ஆம் அடுக்குக்கும் இறக்கச் சொல்கிறது.

இங்கே லோடே 10 கிலோஓம். திறந்த நிலையில் 1 கிகாஓம் இருந்தாலே லோடில் லட்சத்தில் ஒரு பங்குதான் பாயும். அதனால் 1 கிகாஓம், 1 ஓம். அதற்கு மேல், தாவலையே தவிர்க்க என்ஜிஸ்பைஸோடு வரும் எக்ஸ்ஸ்பைஸ் மாடல்களில் இருக்கும் அனலாக் சுவிட்சுக்கு மாறினேன். அதில் கன்ட்ரோல் வோல்டேஜ் ஒரு மதிப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது ரெசிஸ்டன்ஸ் லாகரிதமாக வழுக்கிக்கொண்டு இறங்கும். கன்ட்ரோல் பல்ஸுக்கு 10 நானோசெகண்ட் ஏற்ற நேரம் கொடுத்தால் லோடும் அதே சமயத்தில் மென்மையாக உள்ளே வருகிறது. உண்மையான லோடும் பூஜ்ய நேரத்தில் வருவதில்லையே.

மூடிய லோடு சுவிட்சில் 0.9 வோல்ட்டுக்கு 90 மைக்ரோஆம்பியர் பாயும். 1 ஓமில் 90 மைக்ரோவோல்ட் விழும். ஆஃப்செட் நூற்றுக்கணக்கான மைக்ரோவோல்ட்டில் இருக்கும்போது இது சின்ன எண் அல்ல. ஆகவே ஃபீட்பேக்கும் அளவீட்டுப் புள்ளியும் ஆப்-ஆம்ப்பின் அவுட்புட் காலிலேயே இருக்கின்றன, சுவிட்ச் ரெசிஸ்டரின் கிரவுண்டு பக்கம் போய்விட்டது. அங்கே விழும் 90 மைக்ரோவோல்ட் லோடு கரண்ட்டைப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மாற்றுகிறது, வேறெதையும் தொடுவதில்லை.

அப்புறம், எந்த நிலையிலும் ஒரு நோடு திறந்த சுவிட்சுகளின் நடுவே அந்தரத்தில் தொங்கக் கூடாது. ரெசிஸ்டர் வகைச் சுவிட்சில் மேட்ரிக்ஸ் சிங்குலர் (சமன்பாடுகளுக்கு விடை இல்லாத நிலை) ஆகாது, ஏனென்றால் டிசி பாதை ஏதோ ஒன்று இருக்கிறது. ஆனால் அந்த நோடின் வோல்டேஜ் இரண்டு திறந்த ரெசிஸ்டரின் பங்கீடாக எங்கோ நடுவில் உட்கார்ந்துகொள்ளும். பார்க்க நியாயமான எண்ணாகவே தோன்றும், அதுதான் ஆபத்து. எல்லா நோடிலிருந்தும் கிரவுண்டுக்கு ரெசிஸ்டர் போடும் ஆர்ஷன்ட் ஆப்ஷன் இருக்கிறது என்றாலும், நான் அதை நம்பி விடுவதில்லை. வேலையில்லாத நிலையில் ஒவ்வொரு நோடும் எங்கே நிற்க வேண்டும் என்பதை ஸ்கீமாட்டிக்கிலேயே தீர்மானித்துவிடுவது நல்லது.

நிலையை மாற்றுவது

நிலை என்று இங்கே சொல்வது ஓர் அளவீட்டுக்கான முழு அமைப்பு. அதை மாற்ற, நெட்லிஸ்ட்டில் (சர்க்யூட்டின் எழுத்து வடிவம்) கட்டளைகள் இருக்கும் கன்ட்ரோல் பிளாக்கில் இரண்டு வழி. ஆல்டர்பாராம் கட்டளையால் தேர்வு எண்ணை மாற்றி, பிறகு ரீசெட் கொடுப்பது ஒன்று. பாராமீட்டர் கணக்குகள் எல்லாம் மீண்டும் போடப்படும், மிகச் சுத்தம். ஆனால் ரீசெட் என்றால் நெட்லிஸ்ட் முழுதும் மறுபடி வாசிக்கப்படுகிறது. ஸ்கை130 மாடல் ஃபைல்கள் கனமானவை. ஒவ்வொரு நிலைக்கும் அதை வாசிப்பது அலுப்பூட்டும் காத்திருப்பு. இன்னொரு வழி ஆல்டர் கட்டளை: நேரடியாக எலிமென்ட்டின் மதிப்பைத் தொடுவது. உடனே நடக்கும். ஆனால் சப்சர்க்யூட்டுக்குள் இருக்கும் ரெசிஸ்டரை அதன் விரிந்த பெயரால், அதாவது எலிமென்ட் எழுத்து, சப்சர்க்யூட் பெயர், உள் பெயர் என்று புள்ளி வைத்துச் சேர்த்து அழைக்க வேண்டும். ஏசி மதிப்பு தனியாகக் கொடுக்கப்பட்ட ரெசிஸ்டரில் சாதாரண மதிப்பை மட்டும் மாற்றினால் ஏசி-யில் பழையதே நிற்கும். இரண்டையும் மாற்ற வேண்டும். அதோடு, ஆல்டரால் செய்த மாற்றங்கள் ரீசெட் கொடுத்த அடுத்த நொடி போய்விடும், ஆகவே இரண்டையும் கலக்கக் கூடாது. நான் ஆல்டர் வழியை எடுத்தேன். ஆறு நிலைக்கும் ஆறு சிறு தொகுதி. ஒவ்வொன்றும் எல்லாச் சுவிட்சுக்கும் எல்லாச் சோர்ஸுக்கும் மதிப்புச் சொல்லும், முந்தைய நிலையில் என்ன இருந்தது என்பதை நம்பாது.

சரிபார்க்க இரண்டு சோதனை. ஒவ்வொரு நிலைக்கும் சுவிட்சே இல்லாத, நேராக ஒயர் போட்ட நெட்லிஸ்ட் ஒன்றை எழுதி, இரண்டு கிராஃபையும் மேலே மேலே வைத்துப் பார்ப்பது முதல் சோதனை. இரண்டாவது இன்னும் மலிவானது: மூடிய ரெசிஸ்டன்ஸைப் பத்து மடங்கு கூட்டி, திறந்ததைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து, எல்லா அளவீட்டையும் மறுபடி ஓட்டுவது. எந்த எண்ணாவது மூன்றாவது இலக்கத்தில் அசைந்தால், அந்த இடத்தில் நாம் அளப்பது ஆப்-ஆம்ப்பை மட்டும் அல்ல. பிடிகே மாறினாலும், சர்க்யூட் மாறினாலும் இந்த இரண்டாவது சோதனையை நான் விடமாட்டேன்.

ஃபீட்பேக் சுவிட்சில் தீராத ஒரு குறை உண்டு. லூப்பைத் திறக்கும்போது இன்புட் டிரான்சிஸ்டரின் கேட் கெபாசிடன்ஸ் அவுட்புட்டிலிருந்து கழன்றுவிடுகிறது. அது 0.2 பிகோஃபாரட் என்றால், லோடு 5.2-க்குப் பதில் 5 ஆகத் தெரியும், 10 மெகாஹெர்ட்ஸில் ஃபேஸ் அரை டிகிரிக்குச் சற்று மேல் நன்றாகத் தோன்றும். இங்கே அது பரவாயில்லை. லோடே 0.5 பிகோஃபாரட்டாக இருக்கும் உள் ஆம்ப்ளிஃபையரில் இதே சுவிட்ச் தவறான விடை தரும். அங்கே மிடில்புரூக் என்ற பொறியாளர் 1975-இல் எழுதிய வழி இருக்கிறது: லூப்பைத் திறக்காமலே ஒருமுறை தொடராக வோல்டேஜையும், ஒருமுறை பக்கவாட்டில் கரண்ட்டையும் செலுத்தி, இரண்டு விகிதத்தையும் எடுப்பது. இரண்டின் பெருக்கலிலிருந்து 1-ஐக் கழித்து, இரண்டின் கூட்டலோடு 2-ஐச் சேர்த்து வகுத்தால் லூப் கெயின். தேவையான சாமான் பூஜ்யத்தில் நிற்கும் ஒரு வோல்டேஜ் சோர்ஸ், பூஜ்யத்தில் நிற்கும் ஒரு கரண்ட் சோர்ஸ். சிஎம்ஆர்ஆருக்காக ஃபீட்பேக்கில் ஏற்கெனவே ஒரு தொடர் சோர்ஸ் இருப்பதால், பக்கத்தில் ஒரு கரண்ட் சோர்ஸை மட்டும் சேர்த்து, ஏழாவது நிலையாக இதையும் வைத்துவிட்டேன். திறந்த லூப் கெயினைத் தனியாகப் பார்க்க முதல் நிலை, ஃபேஸ் மார்ஜினைச் சொல்ல ஏழாவது நிலை.

இனி கார்னர்கள், அதாவது தயாரிப்பில் டிரான்சிஸ்டர்கள் வேகமாகவோ மெதுவாகவோ அமையும் எல்லைகள். ஐந்து பிராசஸ் கார்னர், மைனஸ் 40, 27, 125 டிகிரி என்று மூன்று வெப்பநிலை, ஏழு நிலை: மொத்தம் 105 ஓட்டம். மாடல் வாசிப்புதான் கனமானது என்பதால் கார்னர் வெளிச் சுற்றில், வெளியே ஒரு ஷெல் ஸ்கிரிப்டில் மாறுகிறது. வெப்பநிலையும் நிலையும் உள்ளே கன்ட்ரோல் பிளாக்கில். ஒவ்வொரு விடை ஃபைலின் பெயரிலும் கார்னர், வெப்பநிலை, நிலை எண் மூன்றும் இருக்கின்றன. முதல் வரியில் அந்த ஓட்டத்தின் மூடிய, திறந்த ரெசிஸ்டன்ஸும் லோடு கெபாசிடன்ஸும் எழுதப்படுகின்றன.